இரும்புக்குக் கூவின குரலில் ஒரு பாங்கு

மூன்று வருடத்துக்கு முந்தி, முல்லைத்தீவில் எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் ஒரு பின்னேரம், அஸர் தொழுகை நேரத்தில் நடந்தது இது. இப்ப நினைத்தாலும் சந்தோஷத்தில் நெஞ்சு படபடக்கிறது.

நான் பழைய இரும்பு வாங்குகிறவன். சின்ன வயதில் இங்கிருந்து இடம்பெயர்ந்து புத்தளத்தில் முகாமில் வளர்ந்தேன். அங்கே என்னை அகதி என்றார்கள். சண்டை முடிந்து திரும்பி வந்தால் எங்கள் காணி காடாகிக் கிடந்தது, ஊர் முழுக்க இரும்பு கிடந்தது. சைக்கிளில் இரண்டு சாக்கைக் கட்டிக்கொண்டு "பழைய இரும்பு, பித்தளை, பற்றறீ..." என்று ஒழுங்கை ஒழுங்கையாகக் கூவத் தொடங்கினேன். அதோடு என் பேரும் போய்விட்டது. முஸ்லிம் ஆட்களுக்கும் தமிழ் ஆட்களுக்கும் நான் 'இரும்பு'தான்.

பள்ளிக்கு வெள்ளிக்கிழமை மட்டும் போவேன். செருப்புக் கழற்றும் இடத்துக்குப் பக்கத்தில் கடைசி வரிசையில் நிற்பேன். உடுப்பில் இரும்புக் கறள் மணக்குமே என்ற கூச்சம். அல்லாஹ்வுக்கும் என்னை 'இரும்பு' என்றுதான் தெரியும் என்று நினைத்திருந்தேன் போல.

அன்றைக்கு வியாபாரமாகத்தான் பள்ளிக்குப் போனேன். உக்கிப்போன பழைய வாசல் கேற்றைக் கழற்றிக்கொண்டு போகச் சொல்லியிருந்தார்கள். நான் கழற்றிக்கொண்டிருக்க, பாங்கு சொல்லித் தொழுகைக்கு அழைக்கிற மோதினார் தலை சுற்றி விழுந்துவிட்டார். மௌலவி அவரை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அஸர் நேரமும் வந்துவிட்டது. உள்ளே மூன்று வயதானவர்கள். ஒருவருக்கு இழுப்பு. ஒருவருக்குப் பல் இல்லை. மூன்றாவது ஆள் பள்ளித் தலைவர் ஹாஜியார். அவர் என்னைப் பார்த்தார்.

"அடேய் இரும்பு, நீதானே நாள் முழுக்கக் கத்துறாய். வந்து பாங்கைச் சொல்லு."

"ஐயோ ஹாஜியார், என்னை விடுங்கோ. என்ரை குரலைக் கேட்டா சனம் ஓட்டை வாளியோடை வந்து நிக்கும்."

பல்லில்லாதவர் சிரித்தார். "வரட்டுமே. வாளியை வெளியிலை வைச்சிட்டுத் தொழட்டும்."

தொழுகைக்குக் கை, முகம், கால் கழுவி வுளூ எடுத்தேன். எவ்வளவு தேய்த்தும் நகக்கண்ணில் கறள் போகவில்லை. சின்னனில் ஓதும் பள்ளியில் பாடமாக்கிய சொற்கள் ஞாபகத்தில் இருந்தன. ஆனால் வாயைத் திறந்தால் இரும்பு ராகம் வந்துவிடுமோ? வந்தால் பாங்கைக் கேலியாக்கினவன் என்ற பேர்தான் மிஞ்சும். பிறகு வெள்ளிக்கிழமைகூட இந்த வாசலை மிதிக்க முகம் இருக்காது.

மைக்குக்கு முன்னால் நின்று காதில் விரலை வைத்தேன். "அல்லாஹு அக்பர்..."

வந்தே விட்டது! "பற்றறீ" என்று இழுக்கிற அதே இழுவை! ஒலிபெருக்கி அதை ஊர் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. எனக்கு வியர்த்துக் கொட்டியது. பாதியில் நிறுத்தவும் ஏலாது. 'யா அல்லாஹ், என்னட்டை இருக்கிறது இந்த ஒரு குரல்தான். இதையே எடுத்துக்கொள்' என்று மனதுக்குள் கெஞ்சிவிட்டு அடுத்ததைச் சொன்னேன். தொழுகைக்கு வாருங்கள் என்று அழைக்கும் இடம் வந்ததும் உடம்பெல்லாம் புல்லரித்தது. இத்தனை வருடமும் என்னிடம் வாங்கோ என்று கூவினவன், இப்ப அல்லாஹ்விடம் வாங்கோ என்று கூவுகிறேன்! தொண்டை தானாகத் திறந்துகொண்டது. பயம் எங்கே போனதென்று தெரியவில்லை.

முடித்துத் திரும்பினால் சனம்! மற்ற நாளில் அஸருக்கு ஒரு வரிசை நிறையாது. அன்றைக்கு மூன்று வரிசை.

"ஆரடா பாங்கு சொன்னது?"

"எங்கடை இரும்பாம்!"

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் வுளூ எடுத்துக்கொண்டு நின்றார்கள். எதிர்வீட்டுத் தமிழ் அக்கா உண்மையாகவே ஒரு பழுதான தண்ணீர்ப் பம்பைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டா.

"தம்பி, குரல் கேட்டுது, இஞ்சை நிக்கிறீங்களோ எண்டு வந்தனான்."

"அக்கா, தொழுதிட்டு வாறன்."

"ஓமோம், ஆறுதலா வாங்கோ. நல்லாத்தான் இருந்தது."

நான் வழமைபோலக் கடைசி வரிசைக்கு நழுவினேன். ஹாஜியார் விடவில்லை. "எங்கை போறாய்? பாங்கு சொன்னவன்தான் தொழுகை தொடங்க இகாமத்தும் சொல்லவேணும். முன்னுக்கு வா."

வாழ்க்கையில் முதல் தடவையாக, தொழுவிக்க நின்ற ஹாஜியாருக்கு நேர் பின்னால், முதல் வரிசையில் நின்றேன். இரண்டு பக்கமும் வெள்ளை உடுப்புக்காரர்கள். கறள் படிந்த என் தோளோடு தங்கள் தோளை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் விலகவில்லை. நெற்றியைத் தரையில் வைத்தபோது அகதியும் இரும்பும் என்னை விட்டுக் கழன்று போயின. அல்லாஹ்வின் அடியான் ஒருவன்தான் அங்கே கிடந்தான்.

மோதினார் சுகமாகி வந்ததும், அஸர் பாங்கை மட்டும் என்னிடமே விட்டுவிட்டார். இப்பவும் தினமும் இரும்புச் சாக்கோடு சைக்கிளைப் பள்ளிமதிலில் சாத்திவிட்டு உள்ளே போகிறேன். குரலில் அந்த இழுவை இன்னும் போகவில்லை, ஆனால் அதோடேயே என்னை ஏற்றுக்கொண்டவனுக்கு முன்னால் நிற்கும்போது, நான் ஆர் என்று இனி ஒருவரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.