தோளில் கிடந்த கம்பளி

என் அக்காளின் கல்யாணத்துக்கு எங்கள் ஊர் ஏரலுக்கு வந்த அந்தப் பேக்பைப்காரரின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. பட்டாளத்தில் ஊதியவர் என்று மட்டும் தெரியும். நல்ல உயரம். காக்கிச் சட்டையின் இடது தோளில் கட்டம் போட்ட கம்பளித் துணி ஒன்றைக் குத்தியிருந்தார். வாத்தியத்தின் தோல்பையை அக்குளில் இடுக்குமுன் அந்தத் துணியை ஒருமுறை நீவிவிடுவார்.

மாப்பிள்ளை அழைப்புக்குக் கிளம்பும் நேரத்தில் அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே, அவன் சாதிக்காரன் நம்ம தெருவுல தோள்ல துண்டு போடலாமா? இடுப்புல கட்டிக்கிட்டு ஊதச் சொல்லு. மாட்டேம்னா நம்ம ஆளுவள அனுப்புதேன்."

போய்ச் சொன்னேன்.

"இது துண்டு இல்ல, சின்னய்யா. இந்தக் குழல் ஊதுதவனுக்கு உள்ள உடுப்பு. தொரைக்கு முன்னால நின்னப்பகூட தோள்லதான் கெடந்துச்சு."

"அப்பா சொல்லுதாவ, வே."

"அவுக சொன்னதச் சொல்லிட்டீக. நீங்க என்ன சொல்லுதீக?"

பாளையங்கோட்டையில் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். மனிதரெல்லாம் சமம் என்று மேடையில் பேசிக் கைதட்டலும் வாங்கியவன். அன்று, அப்பா பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்த்தேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குழல்களை மெல்ல மடக்கிக்கொண்டு ஆற்றுப் பக்கம் போய்விட்டார்.

"எங்கலே அவன்?" என்றார் அப்பா.

"வாந்தி எடுத்தாம்பா. நாந்தான் போகச் சொன்னேன்."

ஊர்வலம் நாகசுரத்தோடு போயிற்று. அவருக்கு அடி விழாமல் காப்பாற்றினேன் என்று பல காலம் என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆனால், அவர் பணிய மறுத்துத்தான் போனார் என்பது ஊரில் ஒருவருக்கும் தெரியாது. கல்யாணத்தன்று வயிறு கெட்டுப்போன ஆளாகத்தான் அவரை எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள்.