கால் நிற்காத பிரெஞ்சுக் கோழி

முதல் நாளே அந்தப் படத்தை நான் நம்பவில்லை.

கோழி ஒன்று. தலைக்கு மேல் கிரீடம். கீழே வளைந்து வளைந்து ஏதோ எழுத்து. ஓரத்தில் தபால் முத்திரை போல ஒரு வட்டம், அதுவும் பாதி அழிந்தது. கோடெல்லாம் விட்டுவிட்டு ஓடியது. விற்காமல் கிடந்த படத்தாளை யாரோ எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நினைத்தேன். ஓனரிடம் சொன்னேன்.

"படம் தேஞ்சு போயிருக்குதுங்க."

"அது அப்படித்தானுங்க. பழைய பிரெஞ்சு ஸ்டைலாம். பழசாட்ட இருந்தாத்தான் அவிய ஊர்ல வாங்குவாங்களாம்."

"புதுத் துணியில பழைய படமுங்களா?"

"ஆமாங்க. கிச்சன் டவலுங்க இது. கை தொடைக்கறதுக்கு."

கை துடைக்கிற துண்டுக்குக் கிரீடம் வைத்த கோழி எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டால் பேச்சு வளரும்.

அவிநாசி ரோட்டிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில் எங்கள் ஷெட். இரண்டு பியூசிங் மெஷின். இஸ்திரிப் பெட்டியைப் பெரிதாக்கி மேலே தொங்கவிட்டது போல இருக்கும். துணியை விரித்து, படத்தாளைக் கவிழ்த்து வைத்து, சூடான பலகையை இறக்க வேண்டும். பதினைந்து எண்ணித் தூக்க வேண்டும். ஆறினதும் தாளை உரித்தால் படம் துணியில் இருக்கும். மெஷினில் நேரம் காட்டுகிற மணி கெட்டுப் போயிருந்தது. அதனால் வாயால் எண்ணுவோம். பனியன் கழுத்தில் சைஸ் லேபிள் அடிப்பதுதான் எங்கள் வழக்கமான வேலை. துண்டு அதுவரை வந்ததில்லை.

எனக்கு அந்த ஷெட்டை விட்டால் வேறு இடம் இல்லை. அதற்கு முன் பன்னிரண்டு வருஷம் நூல் மில்லில் இருந்தேன். பஞ்சு நெஞ்சுக்குள் போய்விட்டது. துணி வெட்டுகிற இடத்திலோ தைக்கிற இடத்திலோ அரை மணி நேரம் நின்றால் மூச்சு இழுக்கும். இரண்டு பனியன் கம்பெனியில் சேர்ந்து பார்த்தேன். இரண்டிலும் ஒரு வாரம் தாங்கவில்லை. இந்த ஷெட்டில் தூசி இல்லை. சூடு மட்டும்தான். ஸ்டூலில் உட்கார்ந்து செய்யலாம். ஐந்தாவது வரை படித்தவளுக்குத் திருப்பூரில் தூசி இல்லாத வேலை யார் கொடுப்பார்கள்?

இரண்டாவது மெஷினுக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள். தெற்கே தூத்துக்குடிப் பக்கம். என்னைவிடப் பத்து வயது குறைவு. கழுத்தில் சின்னச் சிலுவை. அவள் பதினைந்து எண்ண மாட்டாள். பலகையை இறக்கிவிட்டு உதட்டுக்குள் ஒரு ஜெபம் சொல்வாள். ஜெபம் முடிந்ததும் தூக்குவாள். அதையும் நான் நம்பவில்லை.

ஓனர் எங்கள் இருவரையும் நிற்க வைத்துச் சொன்னார்.

"அஞ்சு நாளைக்குச் சாம்பிளுங்க. தினம் ஆளுக்கு நாலு டஜன். சாயங்காலம் நானே அலசிப் பாப்பேன். ஆர்டர் வந்தா ஒரு மெஷின் போதும், ஒரு ஆளு போதும். யாரு படம் துணியில நிக்குதோ அவிய இருக்கட்டும்."

பிறகு விரலைத் தூக்கினார்.

"துணியில தண்ணி மட்டும் படக் கூடாதுங்க. போன மழைக்கு முந்நூறு பீஸு கரும்புள்ளி விழுந்து போச்சு. தண்ணி பட்டதப் பாத்தேன்னா அன்னிக்கே கணக்கு முடிச்சு அனுப்பிருவேன்."

அவர் போன பிறகு அவள் ஒரு துண்டை எடுத்தாள். இரண்டு விரலில் வைத்துத் தேய்த்தாள். மூக்கில் வைத்துப் பார்த்தாள். என்னிடம் வந்தாள்.

"யக்கா, இது தறித் துணி. இதுல கஞ்சி ஏத்தியிருக்கு. அலசி எடுத்துட்டு அடிச்சாத்தான் படம் பிடிக்கும். ஓனருகிட்ட நீங்க சொல்லுதீங்களா? நான் புதுசு."

அவள் முகத்தைப் பார்த்தேன். தண்ணீர் படக் கூடாது என்று அவர் சொல்லி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. இருக்கிற இடம் ஒன்று. ஆள் இரண்டு. தண்ணீர்ப் பேச்சை என் வாயால் எடுக்க வைத்து, ஓனரிடம் என் கணக்கை முடிக்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

"அவரு சொன்னதக் கேட்டீங்கல்லோ? அவிங்கவிங்க வேலையைப் பாக்கலாமுங்க" என்றேன்.

அவள் துண்டை மடித்தாள். தன் ஸ்டூலுக்குப் போய்விட்டாள்.

முதல் நாள் சாயங்காலம் ஓனர் வாளியில் சுடுதண்ணீர் ஊற்றி, சோப்புப் பொடி போட்டு, என் துண்டுக் கட்டிலிருந்து ஒன்று, அவள் கட்டிலிருந்து ஒன்று எடுத்துக் கசக்கினார். இரண்டிலும் படம் தோல் உரிந்தது போல வந்தது. எழுத்து பாதி தண்ணீரில் மிதந்தது.

இரண்டாம் நாள் என்னுடையது மட்டும் உரிந்தது. அவளுடையது அசையவில்லை.

"உங்க கோழிக்குக் காலைக் காணமுங்க" என்றார் ஓனர். "அந்தப் பொண்ணு கோழி ஜம்முனு நிக்குது பாருங்க."

அவள் சிரிக்கவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்தியது.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் யோசித்தேன். ஒரே துணி. ஒரே தாள். ஒரு ராத்திரியில் அவளுக்கு மட்டும் எப்படிப் பிடித்தது? மெஷினில்தான் ஏதோ இருக்க வேண்டும். அவள் பலகையைத் தூக்கும்போது லேசாக ஆவி எழும்புவதைப் பார்த்திருந்தேன். என் மெஷினில் ஆவி வந்ததே இல்லை. அவள் மெஷினில் சூடு அதிகம் என்று முடிவு கட்டினேன்.

மூன்றாம் நாள் காலையில் கேட்டேன்.

"மெஷினை மாத்திக்கலாமுங்களா?"

"மாத்திக்கோங்கக்கா" என்றாள். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. யோசிக்காமல் விட்டுக்கொடுத்தால் அதில் ஏதோ இருக்கிறது என்பது என் எண்ணம்.

அடையாளத்திற்கு என் துண்டுகளில் சிவப்பு நூல், அவள் துண்டுகளில் நீல நூல் மூலையில் கோர்த்திருப்போம். என் துண்டுக் கட்டைத் தன்னுடையதோடு மாற்றி வைக்கிறாளோ என்று அன்று என் நூலுக்கெல்லாம் இரண்டு முடிச்சுப் போட்டேன். சாயங்காலம் ஓனர் எடுத்த துண்டில் இரண்டு முடிச்சு இருந்தது. கோழிக்குக் கால் இல்லை. ஆவியும் அவள் கூடவே என் பழைய மெஷினுக்குப் போய்விட்டது.

"இன்னும் ரெண்டு நாள் இருக்குதுங்க. பாருங்க" என்றார் ஓனர். அந்தப் 'பாருங்க'வில் இருந்தது எனக்குப் புரிந்தது.

நான்காம் நாள் காலையில் பதினைந்தை இருபதாக்கினேன். துண்டில் பழுப்பு ஏறியது. நானே ரகசியமாக எச்சில் தொட்டு ஒரு ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தேன். படத்தின் ஓரம் எழும்பியது. அப்போது நெஞ்சு அடைத்தது. தூசியால் இல்லை.

மின்வெட்டு ஆரம்பித்திருந்த காலம் அது. தினம் பத்து மணிக்குக் கரண்ட் போகும். பன்னிரண்டுக்கு வரும். நான் அதற்குள் துண்டை முடித்துவிட்டு, மத்தியானம் லேபிளுக்குப் போவேன். அவள் நேர்மாறு. காலையில் லேபிள் அடிப்பாள். கரண்ட் வந்த பிறகுதான் துண்டைத் தொடுவாள். இது நான்காம் நாள்தான் எனக்கு உறைத்தது. அந்த இரண்டு மணி நேரம் நான் கேட் ஓரம் நிழலில் கண்ணை மூடிக் கிடப்பேன். அவள் எங்கே இருப்பாள் என்று பார்த்ததே இல்லை.

அன்று கண்ணை மூடினேன். தூங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்பக்கம் போனாள். தோளில் மூட்டை. நான் சுவர் ஓரமாகப் போய் எட்டிப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டியடியில் குத்த வைத்து உட்கார்ந்து, ஒரு பெரிய பேசின் தண்ணீரில் துண்டுகளை முக்கிக்கொண்டிருந்தாள்.

கெட்டுப்போன பீஸ்களைக் கழுவி மறைக்கிறாள் என்று நினைத்தேன். எப்படி மறைப்பாள், கழுவினால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. நேராக ஆபீஸ் அறைக்குப் போனேன்.

"பின்னாடி வந்து பாருங்க" என்றேன். "துணிய நனைக்கறாங்க."

சொல்லும்போது நிம்மதியாக இருந்தது. இதை மறைத்து எழுத முடியாது.

ஓனர் விறுவிறுவென்று போனார். நான் பின்னால் போனேன். அவள் எழுந்து நின்றாள். முழங்கை வரை ஈரம். காம்பவுண்டுச் சுவர் மேல் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. எல்லாம் வெறும் துண்டு. ஒன்றிலும் படம் இல்லை. அதைப் பார்த்ததும் எனக்கு ஏதோ இடித்தது.

"என்னுங்க இது? என்ன சொன்னேன் நானு?" என்று கத்தினார்.

அவள் அந்தப் பெரிய பேசினை அவர் பக்கம் நகர்த்தினாள். தண்ணீர் பால் போல வெள்ளையாக இருந்தது.

ஓனர் விரலை விட்டுப் பார்த்தார். கொழகொழவென்று இருந்தது.

"கஞ்சிங்க" என்றாள். "எங்கம்மா வீட்ல தறி உண்டு. நெய்யும்போது அறுந்திரக் கூடாதுன்னு பாவு நூலுல கஞ்சி ஏத்துவாக. படம் துணியில ஒட்டல, கஞ்சி மேல ஒட்டுது. கஞ்சி கரைஞ்சா படமும் கூடவே போயிரும். அதான் அலசிக் காய வச்சு அடிக்கேன்."

ஓனர் விரலைத் துடைத்துக்கொண்டார். அவர் அப்பா காலத்திலிருந்து பனியன்தான். நானும் நூல் மில், பிறகு பனியன். பனியன் துணி நெய்வதில்லை, பின்னுவது; பின்னலுக்குக் கஞ்சி கிடையாது. திருப்பூரில் அத்தனை கம்பெனி இருந்தும் எங்கள் இருவருக்கும் அது தெரியாது. ஆவியும் இப்போது புரிந்தது. முழுசாகக் காயாத துண்டு சூட்டில் பட்டால் ஆவி வராமல் என்ன செய்யும்?

"இத மொதல் நாளே சொல்லியிருக்கலாமல்லங்க?" என்றார் ஓனர். குரல் இறங்கியிருந்தது. "யாருகிட்டயும் சொல்லலீங்களா?"

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு தடவைதான். பிறகு பேசினைப் பார்த்தாள்.

"சொல்லலைங்க. தண்ணி படக் கூடாதுன்னீக. பயந்துட்டேன்."

நான் காலை மாற்றி நின்றேன். அவள் ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை? நல்ல மனசு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. இதைக் கையில் வைத்திருப்பாள், வேண்டும்போது எடுப்பாள் என்றுதான் தோன்றியது. நாளைக்கோ, ஒரு மாதம் கழித்தோ. அவள் கையில் அது இருப்பதைவிட நானே சொல்லித் தொலைத்துவிடலாம்.

"என்கிட்டச் சொன்னாங்க" என்றேன். "மொதல் நாளே."

ஓனர் திரும்பினார்.

"அப்ப நீங்க ஏனுங்க என்கிட்டச் சொல்லல?"

"நம்பலீங்க."

வேறு காரணம் இல்லை. அதனால் வேறு சொல்லவும் இல்லை. உள்ளே போய்ச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டேன். யார் படம் நிற்கிறதோ அவர்தானே இருக்கலாம். செருப்பை மாட்டும்போது ஓனர் வாசலுக்கு வந்தார்.

"எங்கீங்க கிளம்பிட்டீங்க?"

"கணக்கு முடிஞ்சுதல்லங்க."

"நல்லாச் சொன்னீங்க போங்க. இந்தத் துண்டையெல்லாம் யாரு அலசறதாம்? ஆர்டர் வந்துச்சுன்னா தொட்டிக்கு ஒரு ஆளு வேணுமல்ல? மெஷின்ல அந்தப் பொண்ணு. தொட்டியில நீங்க."

உட்காருகிற வேலை போய்க் குனிகிற வேலை வந்தது. நான் தலையாட்டினேன். தண்ணீரில் தூசி கிடையாது.

ஐந்தாம் நாள் நான் அலசினேன். மூன்று தண்ணீர் மாற்றினேன். நான்காவது தண்ணீர் தெளிவாக இருந்தது. அவள் வந்து பார்த்து, "போதும்க்கா" என்றாள். நான் ஐந்தாவதும் மாற்றினேன். சுவரில் காய வைத்து, தொட்டுத் தொட்டுப் பார்த்து, எடுத்துக் கொடுத்தேன். அவள் உதட்டுக்குள் ஜெபம் சொல்லி அடித்தாள். அடுத்த ஸ்டூலில் உட்கார்ந்து நானும் மனதுக்குள் எண்ணினேன். அவள் ஜெபம் சரியாகப் பதினைந்துக்கு முடிந்தது. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

சாயங்காலம் ஓனருக்கு வேறு வேலை வந்துவிட்டது. எங்களையே அலசிப் பார்க்கச் சொன்னார். வாளிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். நான்தான் கசக்கினேன். நகத்தால் சுரண்டினேன். பிழிந்து விரித்துப் பிடித்தேன். கோழி நின்றது. இரண்டு காலும் இருந்தன. கிரீடம் இருந்தது. அழிந்த முத்திரை அழிந்தபடியே இருந்தது.

"ஏன் நேத்து அவருகிட்ட என்னைச் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா என்ன கெடைக்கும்? ஒங்களுக்கு வேல போகும். மறுநாளு ஒத்தையில ஒக்காந்து நாந்தான் எல்லாத் துண்டையும் அலசணும்." சிரித்தாள். "இப்பமாவது நம்புதீங்களாக்கா?"

நான் துண்டை மறுபடி வாளிக்குள் போட்டேன்.

"இன்னொருக்கா அலசிப் பாத்துக்கலாமுங்க" என்றேன்.