குழம்புக்கு வைத்த மல்லி

குப்பனூர் வழியாக ஏற்காடு ஏறும் எங்கள் பஸ், பாதி மலையில் இன்ஜின் சூடேறி நிற்கிறது. இறங்குகிறேன். சாலையோரத் தோட்டத்தில் ஓர் அம்மா கொத்தமல்லி விதையைச் சாக்கில் பரப்பி, பழைய ரப்பர் செருப்பால் தேய்த்து இரண்டிரண்டாக உடைக்கிறார். உடைக்காமல் விதைத்தால் சரியாக முளைக்காதாம்.

"ரெண்டு தடவ வெதச்சேனுங்க. ரெண்டையும் மழ அடிச்சுட்டுப் போயிருச்சு. இது குழம்புக்கு வெச்சிருந்ததுங்க. வெளையற வரைக்கும் எங்க ஊட்ல மல்லி போட்ட குழம்பு கெடையாது" என்கிறார், தலை நிமிராமல்.

என் காலருகே ஒரு முழு விதை தெறித்து விழுகிறது. எடுத்து முகர்கிறேன். ரொம்ப நாளாயிற்று இப்படியொரு வாசனை பிடித்து. மெல்லலாம் என்று வாயருகே கொண்டுபோகிறேன்.

அவர் கை நீள்கிறது.

"ஏனுங்க, அதக் குடுங்க. அது ரெண்டு செடி."

கொடுக்கிறேன். செருப்பு அதன்மேல் நிதானமாக இறங்குகிறது.