ஒரே குல்லா போட்ட கூட்டத்தில்

என் வீட்டுக்காரர் இருக்கிறாரா, போய்விட்டாரா என்று தெரியாமல் ஒரு ஆடி மாதம் முழுக்கத் தாலியைப் பிடித்துக்கொண்டு திரிந்தேன். சகோதரிகளே, அதைச் சொல்லத்தான் நம் சபை ஐயர் இந்த ஜெபக்கூட்டத்தில் என்னை எழுப்பி நிறுத்தியிருக்கிறார். எனக்குப் பேசிப் பழக்கமில்லை. அந்த அலுப்பும் இன்னும் தீரவில்லை.

எங்கள் ஊர் ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கம். வாய்க்கால் தண்ணீருக்காக நடந்த அடிதடியில் எங்கள் தெருவில் இரண்டு பேரைப் பாளையங்கோட்டை ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். ஒருவர் என் வீட்டுக்காரர். மற்றவர் அடுத்த வீட்டு மாடத்தி மதினியின் புருஷன். மதினி நம் சபை இல்லை, சுடலையைக் கும்பிடுகிறவள். ஆனாலும் என் அடுப்புக்கு நெருப்பு அவள் வீட்டிலிருந்துதான் வரும்.

ஜெயிலில் வாந்திபேதி பரவிய சமயம், விடுதலையாகித் திருச்செந்தூர்ப் பக்கம் போகிற ஒருவன் எங்கள் தெருவில் தண்ணீர் குடிக்க நின்றான்.

"உங்க ஊர்க்காரங்க ரெண்டு பேரும் ரோட்டு வேலைக் கூட்டத்துல இருந்தாக. அதுல ஒருத்தரு செத்துப்போனாரு," என்றான்.

"யாரு?" என்று இருவரும் ஒன்றாகக் கேட்டோம்.

"தெரியாது தாயி. அங்கன எல்லாருக்கும் மொட்டைத் தலை, அரைக்கால் சராய், குல்லா. கழுத்து வளையத்துல மரத்தால ஒரு வில்லை தொங்கும். அதுல இருக்க நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுதாக."

கிராம முன்சீப்பிடம் கேட்டால் தகவல் வரவில்லை என்றார். ஜெயில் வாசலுக்குப் போனால், நோய்க்காலத்தில் யாரையும் பார்க்க முடியாது என்று விரட்டினார்கள். அழக்கூட முடியவில்லை. யாருக்காக அழுவது? மதினியும் நானும் முகம் பார்ப்பதையே விட்டோம். என் ஆள் இருக்கவேண்டும் என்று ஜெபித்தால், அவள் ஆள் போகவேண்டும் என்றுதானே அர்த்தம்? அப்படிக் கேட்க வாய் வரவில்லை. "ஆண்டவரே, தெரியப்படுத்தும்" என்று மட்டும் கேட்டேன். பல நாள் அதற்கும் தெம்பில்லாமல் சும்மா முழங்காலில் கிடந்தேன்.

கைதிகள் சாயங்காலம் வேலை முடிந்து நம் வேதக்கோயில் பக்கமாகத்தான் ஜெயிலுக்குத் திரும்புவார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். இரண்டு பேருமாகக் கிளம்பி நடந்தோம்.

ஆடிக் காற்றுப் புழுதியில் அவர்கள் வந்தார்கள். எல்லாருக்கும் ஒரே முரட்டுத்துணி, ஒரே குல்லா. எல்லாரும் எலும்பும் தோலுமாக, தலையைக் குனிந்தபடி நடந்தார்கள். வார்டர் எங்களை எட்டவே நிறுத்தினான். "சத்தம் காட்டினா அவனுவ முதுகுலதான் விழும்," என்றான்.

"ஏளா, ஒனக்குத் தெரியுதா?" என்று மதினி பைய கேட்டாள்.

"தெரியலையே மதினி."

கட்டினவரையே அடையாளம் தெரியவில்லை. எனக்கு வெறுத்துப்போயிற்று.

அப்போது கோயிலில் மாலை ஜெப மணி அடித்தது. மணி கேட்டால் நம் ஆண்கள் நின்ற இடத்திலேயே தலைப்பாகையை எடுப்பார்கள் அல்லவா? கூட்டத்தின் நடுவில் ஒரு கை உயர்ந்தது. குல்லா நெஞ்சுக்கு வந்தது. உத்தரவில்லாமல் அதைக் கழற்றக்கூடாதாம். வார்டர் பிரம்பால் முதுகில் ஒன்று வைத்தான். அடிபட்டுத் திரும்பிய முகம் என் வீட்டுக்காரர் முகம்.

"ஸ்தோத்திரம்" என்று வாயைத் திறந்தேன். பக்கத்தில் மதினி ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ போனது எங்க வீட்டு ஆளுதான்," என்றாள். "ஒன் சாமி எனக்கும் சேத்துல்லா காட்டிட்டாரு."

நான் வாயை மூடிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கூட்டம் போய்விட்டது. நாங்கள் எழுந்திருக்க வெகுநேரமாயிற்று.

தண்டனை முடிந்து அவர் வீடு வந்துவிட்டார். பழைய பலம் இல்லை. ஆனாலும் மதினி வயலையும் அவர்தான் உழுகிறார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் இப்போது ஒரே அடுப்பு. கேட்டதைக் கர்த்தர் கொடுத்தார், அதை மறைக்க மாட்டேன். நீங்களும் கேளுங்கள், தெம்பில்லாவிட்டால் சும்மா முழங்காலிலாவது கிடங்கள். அவர் பார்த்துக்கொள்வார்.

மதினியும் என்னோடு வந்திருக்கிறாள். உள்ளே வர மாட்டேன் என்று வெளியே வேப்பமரத்தடியில் இருக்கிறாள். கூட்டம் முடிந்ததும் என்னைச் சூழ்ந்துகொள்ள வேண்டாம். போய் அவளிடம் ஒரு வார்த்தை பேசுங்கள்.