காலைச் சூடும் நாலு நாள் லீவும்

பெண்கள் தினமும் காலையில் பார்த்து எழுதி வரும் உடல் சூட்டைக் கட்டத் தாளில் புள்ளியாக வைப்பது என் வேலை. ஒரு புள்ளி தப்பினால் ஒரு குடும்பத்துக்கு ஒரு மாதம் தப்பும். திருப்பதியில் குழந்தைப்பேறு பார்க்கும் சின்ன ஆஸ்பத்திரி இது. நான் எட்டாவது வரை படித்தவன். முன்பு புத்தூரில் சேலை பார்டருக்குக் கட்டத் தாளில் டிசைன் போட்டவன் என்பதால் டாக்டரம்மா இந்த மேசையைக் கொடுத்தார். பெண்கள் முகம் பார்த்துப் பேசக் கூசுகிறவனுக்கு இப்படி ஒரு மேசை. அடுத்தவர் எழுதிவரும் எண்ணை நம்பி வேலை செய்கிற யாருக்கும் என் பாடு புரியும்.

படுத்தபடியே

வரதய்யபாளையம் பக்கத்திலிருந்து வரும் தனம் என்ற பெண்ணுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. கணவர் முருகேசன் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் நாலு நாள்தான் வீடு. எந்த நாலு நாள் என்பதைத் தாள்தான் சொல்ல வேண்டும். கருமுட்டை வெளிவந்த பிறகு காலைச் சூடு அரை டிகிரி போல ஏறி அப்படியே நிற்கும்; கரு தங்காவிட்டால் அடுத்த மாதவிலக்கை ஒட்டி இறங்கிவிடும். அதைக் கண்டுபிடிக்க, எழுந்திருக்கும் முன் படுத்தபடியே தெர்மாமீட்டரை வாயில் வைக்க வேண்டும். நாள் கணக்கு மாதவிலக்கான நாளிலிருந்து. அந்தத் தேதியை மட்டும் நர்ஸ் கேட்டு எழுதித் தந்துவிடுவார்.

முதல் மாதம் தனம் இருபத்தெட்டு எண்கள் கொண்டுவந்தார். வைத்துப் பார்த்தால் ஒன்று மேலே, ஒன்று கீழே. மேசையைப் பார்த்தபடி, படுத்துக்கொண்டுதானே பார்த்தீர்கள் என்று கேட்டேன்.

"ஆமாங்கய்யா. வாசல் தெளிச்சு, கோலம் போட்டு, தண்ணி புடிச்சு வச்சுட்டு, திரும்பப் போய்ப் படுத்துக்கினுதான் பாத்தேன்."

ஆறு ஏறியது

மருமகள் காலையில் ஐந்து நிமிஷம் கூடுதலாகப் படுத்திருக்க மாமியாரின் சம்மதம் வேண்டும். அவரை வரவழைத்துச் சொன்னேன், ஒப்புக்கொண்டார். இரண்டாம் மாதத் தாள் ஒழுங்காக வந்தது. பதினாறாம் நாள் 97.3, பதினேழாம் நாள் 97.9. அதற்குப் பிறகு மூன்று நாள் பள்ளம்.

மாமியாருக்குத் தசமப் புள்ளி தெரியாது. கடைசி எண் மூன்று ஒன்பதானதைப் பார்த்து, மெடிக்கல் ஷாப்பில் காய்ச்சல் மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறார். தனத்தோடு வந்திருந்த அவர், நான் எதுவும் கேட்பதற்கு முன் தானே பேசினார்.

"ஒரே நாள்ல ஆறு ஏறிக்கினா பயமா இருக்காதாப்பா? ஏறணும்னுதான் பாக்கறீங்கன்னா அதை மொதல்லயே சொல்லக் கூடாதா?"

லாரியில் வந்தவர்

மூன்றாம் மாதமும் பதினேழாம் நாள் ஏறியது. தனம் போனில் சொன்னதும் முருகேசன் விஜயவாடாவில் லோடை இறக்கிவிட்டு, நாலு நாள் லீவு வாங்கிக்கொண்டு நேராக என் மேசைக்கு வந்தார். சூடு ஏறிவிட்டால் நாள் முடிந்தது, ஏறுவதற்கு முந்தைய நாலைந்து நாள்தான் கணக்கு என்று அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. ஆண்பிள்ளையிடம் சொல்வதும் எனக்குச் சுலபமாக இல்லை. அவர் தாளில் பதினேழாம் புள்ளியைத் தொட்டுக் காட்டினார்.

"அப்ப இது பஸ் போனப்புறம் போர்டு மாட்டற மாதிரி சார்."

பதினெட்டு

இரண்டு மாதமும் பதினேழில் ஏறியதால், அடுத்த முறை பதின்மூன்று முதல் பதினாறு வரை வீட்டில் இருக்கச் சொன்னார் டாக்டரம்மா. முருகேசன் இருந்தார். பதினேழில் ஏறிய சூடு இந்தத் தடவை இறங்கவில்லை. பதினெட்டு நாள் மேலேயே நின்றால் உள்ளே அனுப்ப வேண்டும் என்பது எனக்கு உத்தரவு. இரண்டு தடவை எண்ணினேன். காரணம் சொல்ல வாய் வராமல், "டாக்டரம்மாவைப் பாருங்க" என்று மட்டும் சொன்னேன். பரிசோதனையில் கர்ப்பம் உறுதியானது என்று நர்ஸ் வந்து சொன்னார்.

அடுத்த மாதம் தனம் மறுபடியும் என் மேசை முன் நின்றார். சீட்டில் முப்பது எண்கள், ஒரு நாளும் விடாமல். இனிமேல் இது வேண்டாமே என்றேன்.

"நிறுத்துன்னு நீங்க சொல்லலையேய்யா. நானா நிறுத்தி, அது எறங்கிடுச்சுன்னா?"

முப்பதையும் புள்ளி வைத்துக் கொடுத்தேன்; இந்த மேசையில் ஒருவருக்கும் தேவைப்படாமல், ஒரு பிழையும் இல்லாமல் வந்த தாள் அது ஒன்றுதான்.