நான் பிடித்து இழுத்த கை

ரம்ஜான் முடிந்த வாரம் பொம்மிடி ஸ்டேஷனில் நடந்தது இது.

என் மகள் ஷம்ஷாத் இளம்பிள்ளை வாதத்தால் இடது காலில் இரும்புச் சட்டம் மாட்டித்தான் நடப்பாள். முழங்காலில் உள்ள கொக்கியைத் தூக்கினால்தான் அந்தக் கால் மடங்கும். சட்டத்தைச் சரிபார்க்கச் சேலம் கிளம்பினோம்.

பொம்மிடியில் பிளாட்பாரம் தாழ்வு. சின்னப் பிள்ளையாக இருந்தவரை அவளைத் தூக்கி ஏற்றிவிடுவேன். இப்போது காலேஜுக்குப் போகும் வயது.

"இருங்க அத்தா, படியில திரும்பி உக்காந்து நானே ஏறிக்கறேன்" என்றாள்.

பெட்டி வாசலில் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். "உனக்காக வண்டி நிக்குமா? கையக் குடு!" என்று மேலே நின்று இழுத்தேன். மடங்காத கால் படிக்கு அடியில் மாட்டிக்கொண்டது. வண்டி அசைந்தது.

"கொக்கி! கைய விடுங்க அத்தா!" என்று கத்தினாள். நான் இன்னும் பலமாக இழுத்தேன்.

கீழே இருந்தவர்கள் போட்ட கூச்சலில் கார்டு வண்டியை நிறுத்தினார். நான் கையை விட்டதும், அவளே கொக்கியைத் தூக்கிக் காலை எடுத்தாள். படியில் உட்கார்ந்து, கைகளை ஊன்றி உள்ளே வந்துவிட்டாள்.

சேலம் நெருங்கும்போது கேட்டாள். "வண்டி போயிடும்னு பயந்தீங்களா அத்தா, இல்ல எல்லாரும் பாக்கறாங்கன்னா?"



இப்போதெல்லாம் முன்கூட்டியே போய் வண்டியைச் சற்றுக் கூடுதலாக நிறுத்தும்படி ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்லிவைக்கிறேன். யார் பார்த்தாலும் அவள் உட்கார்ந்து ஏறும்வரை கீழேயே நிற்கிறேன். அவள் கேட்டால் மட்டுமே கை கொடுக்கிறேன்.