பிரிட்ஜை நான் நிறுத்தவில்லை

வெள்ளிமலையில் நான் பாக்கெட் பால் விற்ற காலத்தில் என் மேல் ஒரு பழி விழுந்தது. கரண்ட் பில்லுக்குப் பயந்து ராத்திரியில் பிரிட்ஜை நிறுத்திவிடுகிறேன், அதனால்தான் பால் கெடுகிறது என்றார்கள். "அது பழைய கதை, விடு" என்று இன்றைக்கு யாராவது சொன்னாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏன் விட வேண்டும்? நான் நிறுத்தவில்லை.

எனக்குச் சொந்த ஊர் எலவனாசூர்கோட்டை. கணவருக்கு மலையில் வேலை கிடைத்ததால் கல்வராயன் மலை மேலே இருக்கும் வெள்ளிமலைக்கு ஏறினோம். பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு சின்னக் கடை போட்டேன். கள்ளக்குறிச்சிப் பக்கம் இருந்த ஒரு பால் கம்பெனி மலைக்கு ஏஜெண்ட் தேடிக்கொண்டிருந்தது. நான் எடுத்துக்கொண்டேன். பிரிட்ஜையும் அவர்களே கொடுத்தார்கள். மலையில் மாடு இல்லாமல் இல்லை, ஆனால் அது ஏர் உழுகிற மாடு. கன்று குடித்தது போக ஆழாக்கு தேறினால் பெரிய விஷயம். அதனால் பாக்கெட் பால் வந்த நாளே விற்றுத் தீர்ந்தது.

தினமும் வாங்குகிறவர்களில் ஒருத்தி மேட்டுக் குடியிருப்பிலிருந்து ஒரு மணி நேரம் நடந்து வருவாள். கூலி வேலைக்குப் போகிறவள். ஒன்றரை வயதில் இரட்டைப் பெண் குழந்தைகள். இரண்டும் நோஞ்சான். பால் கொடுத்துத் தேற்றச் சொல்லி நர்சம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நாளுக்கு ஒரு பாக்கெட் வாங்கிப் போவாள். ஒரு நாள் வந்து கடை வாசலிலேயே நின்றாள்.

"அடுப்புல வெச்சதும் திரிஞ்சி போச்சிக்கா. இன்னா பாலு குடுத்த நீ?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சட்டிய ஒழுங்கா கழுவினியா?" என்று கேட்டேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. இன்னொரு பாக்கெட்டுக்குக் காசை வைத்துவிட்டு எடுத்துப் போனாள். அந்தக் கேள்விக்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

அடுத்த வாரம் டீக்கடைக்காரர் திரிந்த பாலைக் கொண்டுவந்து என் மேசை மேல் வைத்தார். அப்புறம் தினமும் ஒருவர் வந்தார். பாக்கெட் மேலே மூன்று நாள் தாங்கும் என்று நீல எழுத்தில் அச்சடித்திருந்தது. முதல் நாள் சாயங்காலமே புளித்தது.

கம்பெனிக்குப் போன் போட்டேன். மேற்பார்வையாளர் மோட்டார் பைக்கில் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை. வந்தவர் பிரிட்ஜைத் திறந்தார், மூடினார், கதவு ரப்பரை அழுத்திப் பார்த்தார். பிறகு எனக்குப் பாடம் நடத்தினார்.

"பாலை சூடு பண்ணி சட்டுனு குளிர வெச்சு அனுப்புறோம்மா. ஆனா எல்லாக் கிருமியும் சாவாது. குளிர்ல சும்மா கெடக்கும், சூடு பட்டா பெருகிடும். நாலு டிகிரிலயே வெச்சிருந்தா மூணு நாளு தாங்கும். எங்க கிட்ட இருக்கற வரைக்கும் நல்லாத்தான் இருக்குது. உன் கைக்கு வந்தப்பறம்தான் கெட்டுப் போவுது."

"நான் இன்னா சார் பண்ணேன்?"

"நைட்டுல பிரிட்ஜ நிறுத்திடற. எத்தனை கடைங்களப் பாத்துக்கினு இருக்கேன் நானு."

அப்படி நிறுத்துகிற கடைகள் உண்டுதான், இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக என்னையும் அந்தக் கணக்கில் சேர்ப்பதா? நான் சத்தியம் பண்ணினேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இந்த மாதக் கடைசிக்குள் புகார் நிற்காவிட்டால் ஏஜென்சியை எடுத்துவிடுவோம், பிரிட்ஜும் கீழே போய்விடும் என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். ஏஜென்சி போனால்கூடப் பிழைத்துக்கொள்வேன். கெட்ட பால் விற்றவள் என்ற பேரோடு அந்த ஊரில் எப்படி முகம் காட்டுவது?

அன்றிலிருந்து ராத்திரியில் எழுந்து எழுந்து பிரிட்ஜ் ஓடுகிறதா என்று காது வைத்துக் கேட்டேன். கணவர் தலையில் அடித்துக்கொண்டார். அது பாட்டுக்கு நன்றாக ஓடியது. பாலும் அது பாட்டுக்குக் கெட்டது.

ஒரு நாள் மத்தியானம் பால் வண்டியிலிருந்து பாக்கெட் அடுக்கிய கிரேட்டை இறக்கும்போதுதான் கவனித்தேன். குளிர்ந்த பாக்கெட்டை வெளியே எடுத்தால் மேலெல்லாம் தண்ணீர் முத்து முத்தாக வியர்க்கும். இவை வியர்க்கவே இல்லை. தொட்டால் கை ஈரமாகவில்லை. ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். ஜில்லென்றே இல்லை.

டிரைவர் நல்ல பையன், பொய் பேசத் தெரியாதவன். கேட்டதும் சொல்லிவிட்டான்.

"அடிவாரத்துல கோமுகி டேம் தாண்டினதும் வண்டி கூலிங்க நிறுத்திடுவேன்க்கா. அதப் போட்டுக்கினு வந்தா கொண்டை ஊசி வளைவுல வண்டி இழுக்காது. பின்னால போவுது. இன்ஜின் பழசு."

"ஆபீசுல தெரியுமாடா?"

"தெரியுங்க்கா. மேற்பார்வை சார் கிட்டயே எழுதிக் குடுத்தேன். பாத்து ஓட்டுன்னுட்டாரு."

காலை ஒன்பது மணிக்கு அடிவாரத்தில் கூலிங்கை நிறுத்தி, வழியில் இருக்கிற கடைகளிலெல்லாம் கதவைத் திறந்து திறந்து இறக்கி, கடைசியாக என் கடைக்கு வரும்போது மணி பன்னிரண்டு. மூன்று மணி நேரம் தகரப் பெட்டிக்குள் வெந்த பாலை என் தலையில் கட்டிவிட்டு, பிரிட்ஜை நிறுத்தினாயா என்று கேட்டிருக்கிறார்கள். கேட்டவருக்கு எல்லாம் தெரியும்! தெரிந்தே சிரித்திருக்கிறார். அவர் என்னைக் கேட்டார், நான் அந்தப் பெண்ணைக் கேட்டேன். எல்லாரும் அவரவருக்குக் கீழே இருப்பவளைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டிருந்தோம்.

மாதக் கடைசியில் பிரிட்ஜை எடுத்துப்போக மேற்பார்வையாளர் பால் வண்டிக்குப் பின்னாலேயே வந்தார். நான் தயாராக இருந்தேன். தடுப்பூசிப் பெட்டியில் வைக்கிற தெர்மாமீட்டரை நர்சம்மாவிடம் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். கிரேட்டைக் கடைக்குள் கொண்டுவரவே விடவில்லை.

"சார், இது இன்னும் உங்க வண்டிலதான் இருக்குது. என் கையே படல. நீங்களே ஒண்ண எடுங்க. கிழிங்க."

சுற்றி ஆள் சேர்ந்துவிட்டது. டீக்கடைக்காரர் டம்ளரோடு வந்து நின்றார். மேற்பார்வையாளருக்கு வேறு வழியில்லை. பாக்கெட்டைக் கிழித்தார், தெர்மாமீட்டரை உள்ளே விட்டார், பார்த்தார். பத்தொன்பது டிகிரி.

"சத்தமா படிங்க சார்" என்றேன்.

அவர் படிக்கவில்லை. டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்துப் படித்தார்.

"இப்ப சொல்லுங்க, எந்த பிரிட்ஜ நான் நிறுத்தினேன்? உங்க வண்டிலயா வந்து நிறுத்தினேன்? மூணு நாள் தாங்கும்னு அச்சடிச்சா தாங்கிடுமா? மலையில இருக்கறவன் வயிறுன்னா அவ்ளோ எளப்பமா?"

இன்னும் என்னென்னவோ கத்தினேன். கூலிங்கை அடிவாரத்தில் நிறுத்துகிறார்கள் என்பதையும் அத்தனை பேர் நடுவில் போட்டு உடைத்தேன். யார் நிறுத்தினார் என்று யாரும் என்னைக் கேட்கத் தேவையிருக்கவில்லை. வண்டி ஓட்டுகிறவன் ஒருவன்தான்.

பிரிட்ஜ் என்னிடமே இருந்தது. பத்து நாள் பொறுத்து ஒரு கடிதம் வந்தது. விற்பனையாளர் மீது குறை ஏதும் இல்லை, ஓட்டுநரின் அலட்சியமே காரணம், அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டார் என்று இருந்தது. அதைக் கொண்டுவந்து கொடுத்தவன் புது டிரைவர். நின்றிருந்தது அதே வண்டி. பழைய பையன் சொந்த ஊரான களமருதூருக்கே போய்விட்டான் என்று சொன்னான். என்னைப் பற்றி அந்தப் பையன் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லையாம். அதைக் கேட்டதும் இன்னும் மோசமாக இருந்தது.

கிரேட்டைத் தொட்டேன். வியர்க்கவில்லை.

"கூலிங் போட்டுக்கினு வந்தியா?"

"போட்டாக்கா வண்டி இழுக்கலக்கா."

அத்தனை கிரேட்டையும் திருப்பி ஏற்றச் சொன்னேன். ஒரு பாக்கெட்கூட இறக்க விடவில்லை. இனி நல்ல வண்டியில் வந்தால்தான் எடுப்பேன் என்று ஆபீசில் சொல்லச் சொன்னேன். வண்டி கிளம்பும்போது எனக்கு நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது, பொய் சொல்வானேன்.

வண்டி திரும்பிப் போன கொஞ்ச நேரத்தில் மேட்டுக் குடியிருப்புப் பெண் வந்தாள், இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒன்று. அவளிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை. கடிதத்தைப் பிரித்து, என் மேல் தப்பில்லை என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள் என்றேன். அவள் சட்டி மேலும் தப்பில்லை என்றேன்.

அவள் காலியாக இருந்த பிரிட்ஜைப் பார்த்தாள்.

"நல்லதாப் போச்சிக்கா" என்றாள். "பாலு எங்க?"